ரபி இல்லை, சாவி உண்டு: இந்தியாவின் யூத ஜெப ஆலயங்களை நடத்துவது யார்?

கொச்சி மட்டாஞ்சேரிக்குப் போனவர்களுக்கு அந்த இடம் தெரிந்திருக்கும். ஜூ டவுன் தெருவின் முனையில் ஒரு மணிக்கூண்டு. டிக்கெட் வாங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் நீலமும் வெள்ளையுமாகக் கையால் வரையப்பட்ட சீனத் தரை ஓடுகள், தலைக்கு மேலே கண்ணாடி விளக்குகள். 1568-இல் கட்டப்பட்ட பரதேசி சினகாக் இது. கால் மணி நேரம் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்து மசாலா கடைகளில் பேரம் பேசப் போய்விடுகிறோம்.

நாம் கவனிக்காத ஒன்று உண்டு. இந்தக் கட்டடத்தில் ஒரு முழுமையான கூட்டுப் பிரார்த்தனை நடத்த இன்று உள்ளூர் யூதர்கள் போதாது. வெளியூரிலிருந்து யூதப் பயணிகள் வந்தால்தான் கணக்கு சரியாகும். அந்தக் கணக்கு, பத்து.

அதென்ன பத்து?

யூத மரபில் கூட்டுப் பிரார்த்தனைக்குக் குறைந்தது பத்துப் பேர் வேண்டும். இந்தக் குழுவுக்கு 'மின்யான்' என்று பெயர். 13 வயது நிரம்பிய ஆண்களை மட்டுமே எண்ணுவது பழைமைவாத மரபு. சீர்திருத்தப் பிரிவுகளில் பெண்களையும் எண்ணுகிறார்கள். தனியாக வேண்டிக்கொள்ள யாரும் தேவையில்லை. ஆனால் தோரா சுருளை எடுத்துச் சபையில் வாசிப்பது போன்ற முக்கியமான சில பகுதிகள் பத்துப் பேர் இல்லாமல் நடக்காது.

பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியம். மோசே கானான் தேசத்தை வேவு பார்க்க 12 பேரை அனுப்பினார். அதில் 10 பேர் திரும்பி வந்து, "அங்கே போனால் தோற்றுவிடுவோம்" என்று பயமுறுத்தினார்கள். அந்தப் பத்துப் பேரைக் குறிக்க எபிரேய வேதத்தில் 'சபை' என்ற சொல் வருகிறது. ஆகவே சபை என்றால் பத்து என்று பண்டைய அறிஞர்கள் கணக்குப் போட்டார்கள். நம்பிக்கை இழந்து புலம்பிய பத்துப் பேர்தான் இதற்கு அளவுகோல் என்பதை யோசித்தால் கொஞ்சம் சிரிப்பு வரும்.

இதன் அழுத்தம் தெரிவது துக்க வீட்டில்தான். அப்பாவோ அம்மாவோ இறந்தால் பிள்ளை 11 மாதங்கள் 'காதிஷ்' என்ற பிரார்த்தனையைச் சொல்ல வேண்டும். மரணம் என்ற சொல்லே அதில் வராது, முழுக்க இறைவனைப் போற்றும் வரிகள். மின்யான் இல்லாமல் அதைச் சொல்ல முடியாது. அதாவது, அப்பாவை இழந்த ஒருவருக்கு இன்னும் ஒன்பது பேர் வேண்டும். அவர்கள் நெருங்கிய நண்பர்களாக இருக்க வேண்டியதில்லை, பக்திமான்களாகவும் இருக்க வேண்டியதில்லை. வந்து நின்றால் போதும். நம் ஊரில் எழவு வீட்டுக்குக் கூப்பிடாமலேயே போய் நிற்கிறோமே, கிட்டத்தட்ட அதே கடமை.

அப்போ யார்தான் தலைவர்?

ரபி என்றதும் பாதிரியார், இமாம், அர்ச்சகர் வரிசையில் ஒருவரைக் கற்பனை செய்துகொள்கிறோம். அது பாதிதான் சரி. எருசலேமின் இரண்டாம் ஆலயம் கி.பி. 70-இல் ரோமானியர்களால் இடிக்கப்பட்டதும் பலி கொடுப்பது நின்றுபோனது. அதோடு குருமார்களின் முக்கியமான வேலையும் போனது. அந்த இடத்தைப் படித்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். ரபி என்ற சொல்லுக்கு 'என் ஆசான்' என்று பொருள். சட்டம் தெரிந்தவர், சந்தேகம் வந்தால் கேட்க வேண்டியவர். கடவுளுக்கும் பக்தருக்கும் நடுவே நிற்கும் தரகர் அல்ல.

பிரார்த்தனையை முன்னின்று சொல்பவர் 'ஹசான்'. குரலும் எபிரேய உச்சரிப்பும் சரியாக இருந்தால் சபையில் யாரும் அதைச் செய்யலாம். கணக்கு வழக்கைப் பார்ப்பவர் 'கபாய்'. கட்டடத்தைக் கவனித்துக்கொள்பவர் 'ஷமாஷ்'. மேலே ஒரு நிர்வாகக் குழு. அமெரிக்காவிலோ பிரிட்டனிலோ ஒரு சபை ரபியை இன்டர்வியூ செய்து, காண்ட்ராக்ட் போட்டு, சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும். பிடிக்கவில்லை என்றால் காண்ட்ராக்டைப் புதுப்பிக்காது. ஆன்மிகத் தலைவருக்குச் சபைதான் எம்ப்ளாயர். அந்த உறவில் எவ்வளவு உரசல் இருக்கும் என்பதை ஆபீஸ் போகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

இந்தியாவில் கதையே வேறு. இங்கே பெரும்பாலான சபைகள், பெரும்பாலான காலம், ரபி இல்லாமலேயே இயங்கியிருக்கின்றன.

கொச்சியின் 'முதலியார்'

கி.பி. 1000 வாக்கில் பாஸ்கர ரவிவர்மன் என்ற சேர மன்னன் ஜோசப் ரப்பான் என்ற யூத வணிகத் தலைவருக்கு 72 உரிமைகள் கொடுத்துச் செப்பேடு எழுதினான். அது எழுதப்பட்டிருப்பது வட்டெழுத்தில். தமிழும் மலையாளமும் இன்னும் முழுதாகப் பிரியாத காலத்து மொழியில். 'அஞ்சுவண்ணம்' என்ற வணிகக் குழுவின் பெயர் அதில் வருகிறது.

பிற்காலக் கொச்சி ராஜாக்கள் யூத சமூகத்தின் தலைவருக்குக் கொடுத்த பட்டம் 'முதலியார்'. ஆம், நமக்குத் தெரிந்த அதே சொல்தான். லெவி, காஸ்டியல் போன்ற குடும்பங்களில் அந்தப் பட்டம் இருந்தது. முதலியாருக்கு அதிகாரம் கொடுத்தது அரண்மனை. வழிபாட்டை நடத்தியது சபையின் பெரியவர்கள். இருவருமே ரபிகள் அல்ல. சட்டச் சிக்கல் வந்தால் கடல் தாண்டிக் கடிதம் போகும். பதில் வர மாதக்கணக்கில் ஆகும்.

அப்படிப் போன ஒரு கடிதம் முக்கியமானது. 16-ஆம் நூற்றாண்டில் கொச்சியில் வசதியான சிலர் மற்ற யூதர்களை 'அடிமை வழி வந்தவர்கள்' என்று சொல்லிப் பெண் கொடுக்க, எடுக்க மறுத்தார்கள். கேள்வி எகிப்திலிருந்த தாவீது இப்ன் சிம்ரா என்ற புகழ்பெற்ற ரபிக்குப் போனது. முறைப்படி நீராட்டுச் சடங்கு செய்துவிட்டால் அவர்களும் முழு யூதர்கள்தான், மணம் செய்யத் தடையில்லை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். கொச்சியில் அதை யாரும் அமல்படுத்தவில்லை. வெளியிலிருந்து வரும் தீர்ப்பைச் செயல்படுத்த உள்ளூரில் ஆள் இல்லையென்றால் அது வெறும் காகிதம்தானே.

தரையில் உட்கார வைக்கப்பட்டவர்கள்

இந்தப் பிரச்சினை சுமார் நானூறு ஆண்டுகள் தீராமல் கிடந்தது. பரதேசி சபை என்பது ஸ்பெயின் உள்ளிட்ட நாடுகளிலிருந்து பிற்பாடு வந்து சேர்ந்தவர்களின் சபை. 'வெள்ளை யூதர்கள்' என்று அழைக்கப்பட்டவர்கள். அதே சபையைச் சார்ந்து, விடுதலை பெற்ற அடிமைகளின் வழிவந்தவர்கள் என்று முத்திரை குத்தப்பட்ட ஒரு சிறு பிரிவும் இருந்தது. அவர்களுக்கு 'மெஷுஹ்ராரிம்' என்று பெயர். விடுவிக்கப்பட்டவர்கள் என்று அர்த்தம். விடுவிக்கப்பட்டவர்கள், ஆனால் பிரார்த்தனைக் கூடத்தில் பெஞ்சில் உட்கார அனுமதி இல்லை. முன்னறையிலோ தரையிலோ உட்கார வேண்டும். தோரா வாசிக்க அழைக்கப்பட மாட்டார்கள்.

1882-இல் அந்தப் பிரிவில் பிறந்தவர் ஆபிரகாம் பராக் சாலேம். எர்ணாகுளத்தில் படித்து, சென்னைக்கு வந்து பி.ஏ.வும் சட்டமும் முடித்தார். கொச்சி யூதர்களில் முதல் வழக்கறிஞர் இவர்தான். கொச்சி சட்டசபையில் உறுப்பினராக இருந்தார், தொழிலாளர்களுக்காகப் பேசினார், 1929-இல் லாகூர் காங்கிரஸ் மாநாட்டுக்குப் போனார். ஊருக்கெல்லாம் உரிமை பேசிய வக்கீல், ஓய்வுநாளில் தன் சொந்த சினகாக்கில் தரையில் உட்கார வேண்டிய நிலை.

சாலேம் இரண்டு வழிகளைக் கையாண்டார். சில காலம் சினகாக்குக்கே போகாமல் புறக்கணித்தார். பிறகு காந்தியிடம் கற்ற சத்தியாகிரகத்தை ஜெப ஆலயத்துக்குள்ளேயே கொண்டுபோனார். சபையைவிட்டு வெளியேறித் தனி ஆலயம் கட்டிக்கொள்வது ஒருவேளை சுலபமாக இருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. 1940-களுக்குள் தடைகள் பெரும்பாலும் விழுந்தன. 1950-இல் அவருடைய மகன் பால்ஃபருக்கும் கோடர் என்ற வெள்ளை யூதக் குடும்பத்துப் பெண்ணுக்கும் திருமணம் நடந்தது. சபையில் அது லேசில் ஏற்கப்படவில்லை. 'யூத காந்தி' என்று சாலேமைச் சொல்வதுண்டு. பட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது அவர் அடுத்துச் செய்தது. இஸ்ரேல் உருவானபின், மலபார் யூதர்கள் அங்கே குடிபெயர உதவுவதற்காகப் பேச்சுவார்த்தைக்குப் போனவர் இவர். தானோ கொச்சியிலேயே இருந்து 1967-இல் இறந்தார்.

1950-களின் நடுவில் சுமார் 2,400 பேர் கிளம்பிப் போனார்கள். நெகேவ் பாலைவனத்தின் நெவாதிம் போன்ற விவசாயக் குடியிருப்புகளில் குடியேறினார்கள். திராவிட உச்சரிப்போடு எபிரேயம் பேசும் தாத்தா பாட்டிகளை அங்கே பார்க்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும். கேரள ஜெப ஆலயங்களில் வேதம் வாசிக்கும் மேடைகள் இரண்டு. ஒன்று வழக்கம்போல் கூடத்தின் நடுவில். மற்றொன்று மாடியில், பெண்கள் அமரும் பகுதிக்கு முன்னால். உலகின் மற்ற இடங்களில் காணக் கிடைக்காத அமைப்பு. பெண்கள் வாசிக்கவில்லைதான். ஆனால் ஓய்வுநாளிலும் பண்டிகையிலும் வாசிப்பு நடந்தது அவர்கள் காதுக்குப் பக்கத்தில். அந்தப் பெண்கள் மலையாளத்தில் யூதப் பாட்டுகளைப் பாடி, நோட்டுப் புத்தகங்களில் எழுதி, மகள்களுக்குக் கொடுத்தார்கள். சபையை ஒட்ட வைத்திருந்தது யார் என்ற கேள்விக்கு ஆண்கள் பதவிப் பட்டியலில் மட்டும் பதில் தேடினால் கிடைக்காது. கோடர் குடும்பத்தில் பிறந்த குவீனி ஹலேகுவா பிற்காலத்தில் பரதேசி சினகாக்கின் நிர்வாகப் பொறுப்பையே வகித்தார். 2024 ஆகஸ்டில் அவர் இறந்தார். மட்டாஞ்சேரியின் கடைசி பரதேசி யூதப் பெண்மணி அவர்தான்.

சனிக்கிழமை எண்ணெய் ஆட்டாதவர்கள்

இந்தியாவின் மிகப் பெரிய யூதப் பிரிவு கொச்சியில் இல்லை, மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. கொங்கண் கடற்கரைக் கிராமங்களில் எண்ணெய் ஆட்டிய பெனே இஸ்ரேல் சமூகம். சனிக்கிழமை செக்கு ஓடாது என்பதால் 'சனிவார் தேலி' என்று ஊர் அழைத்தது. நூற்றாண்டுகளாக அவர்களுக்கு ரபி இல்லை, தோரா சுருள் இல்லை, ஜெப ஆலயமும் இல்லை. ஓய்வுநாள், விருத்தசேதனம், உணவுக் கட்டுப்பாடு, இஸ்ரேலே கேள் என்று தொடங்கும் ஒரு மந்திரம். இவ்வளவுதான் கையில் இருந்தது. தாவீது ரஹாபி என்பவர் வந்து, சிலருக்குப் பயிற்சி கொடுத்து, 'காஜி' என்ற பெயரில் கிராமங்களுக்கு அனுப்பினார் என்பது அவர்களின் மரபுக் கதை. பின்னாளில் கொச்சி யூதர்கள் ஆசிரியர்களாகவும் ஹசான்களாகவும் அங்கே போனார்கள்.

அவர்களின் முதல் ஜெப ஆலயத்தைக் கட்டியவர் ரபி அல்ல, ராணுவக்காரர். கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் இருந்த சாமுவேல் எசக்கியேல் திவேகர். திப்பு சுல்தான் படையிடம் சிறைப்பட்டு விடுதலையானவர், நேர்ந்துகொண்டபடி 1796-இல் பம்பாயில் ஆலயத்தைக் கட்டினார் என்று சொல்கிறார்கள். 'கருணையின் வாசல்' என்று அதற்குப் பெயர். மும்பையின் மஸ்ஜித் ரயில் நிலையத்துக்கு அந்தப் பெயர் வந்ததே இந்த ஜெப ஆலயத்தால்தான் என்பது ஊர்ப் பேச்சு.

அங்கே சபைத் தலைவர் 'முக்காதம்'. பெயர் மராத்தி ஊர் நிர்வாகத்திலிருந்து வந்தது. நம் ஊர் நாட்டாமையும் தர்மகர்த்தாவும் சேர்ந்த மாதிரி ஒரு பதவி. சண்டையைத் தீர்ப்பார், அபராதம் போடுவார், கணக்குக் கேட்பார். இன்றைக்கு அந்த வேலையை டிரஸ்டிகள் செய்கிறார்கள்.

ஆனால் பெனே இஸ்ரேல் மக்களின் ஒட்டுறவு சினகாக்கைவிட வீட்டில்தான் அதிகம் என்பேன். 'மலீதா' என்று ஒரு சடங்கு. அவல், தேங்காய், சர்க்கரை, பழங்கள் சேர்த்துத் தட்டில் வைத்து எலியா தீர்க்கதரிசியை நினைத்து வேண்டுவார்கள். கல்யாணம், புது வீடு, வேலை கிடைத்தது, நோய் குணமானது, எதுவானாலும் மலீதா. உலகின் வேறெந்த யூத சமூகத்திலும் இப்படி ஒன்று கிடையாது.

இஸ்ரேலுக்குப் போன பெனே இஸ்ரேல் மக்களுக்கு அங்கே காத்திருந்தது ஒரு அதிர்ச்சி. திருமணத்துக்குமுன் அவர்களின் பூர்விகத்தை ஆராய வேண்டும் என்று 1960-களின் தொடக்கத்தில் தலைமை ரபிமார்கள் உத்தரவிட்டார்கள். இத்தனை நூற்றாண்டு யூதராக வாழ்ந்தவர்களிடம் 'நீ யூதர்தானா?' என்று கேள்வி. எருசலேமில் போராட்டம் வெடித்தது. 1964-இல் அவர்கள் எல்லா விதத்திலும் யூதர்களே என்று ஏற்கப்பட்டார்கள். ரபி இல்லாமல் தாக்குப்பிடித்த சபையை ரபிகள் சந்தேகப்பட்டது இதன் உள்முரண்.

டெல்லியில் ஒரு வக்கீல்

டெல்லி ஹுமாயூன் சாலையில் 1956-இல் திறக்கப்பட்ட ஜூடா ஹயாம் ஜெப ஆலயம் இருக்கிறது. தலைநகரில் உள்ளூர் யூதக் குடும்பங்கள் பத்துக்குப் பக்கம்தான். தூதரக ஊழியர்கள், பயணிகள், வேலைக்காக வந்தவர்கள் சேர்ந்துதான் வெள்ளிக்கிழமை மாலைக் கூட்டம்.

பல பத்தாண்டுகள் இதை நடத்தியவர் எசக்கியேல் ஐசக் மாலேகர். பெனே இஸ்ரேல் சமூகத்தவர், சட்டம் படித்தவர், ரபிப் பட்டம் பெறாதவர், சம்பளமும் வாங்காதவர். பிரார்த்தனை நடத்துவது முதல் கல்யாணம், இறுதிச் சடங்கு, சர்வமதக் கூட்டங்களில் எபிரேய வேண்டுதல் வரை அவர்தான். பெண்களையும் மின்யானில் எண்ணலாம், தோரா வாசிக்கவும் அழைக்கலாம் என்பது அவர் எடுத்த முடிவு. பழைமைவாதிகள் ஏற்க மாட்டார்கள். ஆனால் எண்ணிக்கை இப்படி இருக்கும்போது பாதிச் சபையை எண்ணாமல் விடுவது கட்டுப்படியாகாது. கொள்கைக்காகவா, தேவைக்காகவா என்று கேட்டால், சிறிய சபைகளில் இரண்டையும் பிரிப்பது கஷ்டம்.

இதில் ஆபத்தும் உண்டு. ஐடி கம்பெனிகளில் கேட்பார்களே, "இந்த ஆள் நாளைக்கு வரலைன்னா ப்ராஜெக்ட் என்ன ஆகும்?" என்று. ஒரே மனிதர் ஹசானாகவும் செயலாளராகவும் கைடாகவும் இருக்கும் எந்தச் சபைக்கும் அதுதான் கேள்வி.

ஆட்கள் போன பிறகு

1951 கணக்கெடுப்பில் இந்தியாவில் சுமார் 26 ஆயிரம் யூதர்கள் இருந்தார்கள். இன்று ஐந்தாயிரத்துக்கும் கீழே என்பதே பொதுவான மதிப்பீடு. துரத்தப்பட்டுப் போகவில்லை, விரும்பிப் போனார்கள். ஆனால் கட்டடங்களை எடுத்துக்கொண்டு போக முடியாதே.

கேரளத்தின் மாளா ஊர்ச் சபை 1955-இல் கிளம்பும்போது ஜெப ஆலயத்தையும் கல்லறையையும் உள்ளூர் பஞ்சாயத்திடம் ஒப்பந்தம் போட்டு ஒப்படைத்துவிட்டுப் போனது. பரவூர், சேந்தமங்கலம் ஆலயங்கள் முசிறித் திட்டத்தில் அருங்காட்சியகங்கள் ஆகிவிட்டன. மட்டாஞ்சேரியிலிருந்த கடவும்பாகம் ஆலயத்தின் மர வேலைப்பாடுகள் எருசலேம் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. எர்ணாகுளத்தில் அதே பெயருள்ள மற்றொரு ஆலயம் 1972-இல் மூடப்பட்டது. அதன் முன்பகுதியில் வண்ணமீன், செடி விற்கும் கடை நடத்தியபடியே ஒரு யூதர் அதைக் காப்பாற்றி வந்தார். 2018-இல் தோரா சுருளோடு அங்கே மறுபடி பிரார்த்தனை நடந்தது.

கொல்கத்தாவில் நிலைமை இன்னும் விசித்திரம். பாக்தாதிலிருந்து வந்த யூத வணிகர்கள் கட்டிய மாகேன் டேவிட் ஆலயம் 1884-ஐச் சேர்ந்தது. பிரமாண்டம் என்றால் அப்படியொரு பிரமாண்டம். ஊரில் மிஞ்சியிருக்கும் யூதர்களோ சில டஜன்கூட இல்லை. தூசி தட்டி, விளக்கேற்றி, கதவைத் திறந்து மூடுவது ஒடிசாவைச் சேர்ந்த முஸ்லிம் குடும்பங்கள், தலைமுறைகளாக. யூதப் பெண்கள் பள்ளி என்றே பெயர் கொண்ட பள்ளியில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் மாணவிகள். மேற்கு ஆசியச் செய்திகளைப் படித்துவிட்டு இதைப் படிக்கிறவர்கள் ஒரு நிமிடம் நின்றுதான் போவார்கள்.

சென்னையிலும் ஒரு சுவடு உண்டு. 17-ஆம் நூற்றாண்டில் வைரமும் பவளமும் வியாபாரம் செய்த யூதர்கள் கோட்டைக்குப் பக்கத்தில் வசித்தார்கள். 1688-இல் மாநகராட்சி அமைந்தபோது அதன் உறுப்பினர்களிலும் யூத வணிகர்கள் இருந்தார்கள். மண்ணடியின் பவளக்காரத் தெரு என்ற பெயரை இன்றும் அந்த வியாபாரத்தோடு சேர்த்துச் சொல்கிறார்கள். சபை கலைந்துவிட்டது, ஒரு சிறிய கல்லறைத் தோட்டம் மட்டும் மிச்சம்.

வெளியிலிருந்து வந்த ரபி

மும்பையில் 2008 நவம்பர் 26 தாக்குதலின்போது நரிமன் ஹவுஸ் என்ற பெயர் நமக்கெல்லாம் அறிமுகமானது. அங்கே கொல்லப்பட்ட ரபி கேவ்ரியல் ஹோல்ட்ஸ்பெர்க்கும் மனைவி ரிவ்காவும் லுபாவிச் இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். இந்த இயக்கத்தின் முறை வேறு. சபை ஆள் தேடாது. இயக்கமே இளம் தம்பதிகளை உலக நகரங்களுக்கு அனுப்பும். அவர்கள் வீட்டையே திறந்துவைத்து, பயணிகளுக்குச் சாப்பாடும் பிரார்த்தனையும் கொடுப்பார்கள். உள்ளூர் பெனே இஸ்ரேல் சபைகளின் நூற்றாண்டுப் பழக்கங்களோடு இது எப்போதும் ஒத்துப்போகும் என்று சொல்ல முடியாது. ஆனாலும் ரபி தேவைப்படும் இடங்களில் அந்த வெற்றிடத்தை நிரப்பியது.

மகாராஷ்டிர அரசு 2016-லும் குஜராத் அரசு 2018-லும் யூதர்களுக்குச் சிறுபான்மை அந்தஸ்து கொடுத்தன. கல்வி நிறுவனங்கள், உதவித்தொகை போன்றவற்றுக்கு இது உதவும். மின்யானுக்கு அரசாணை உதவாது.

போய்ப் பார்க்க நினைத்தால்: வெள்ளிக்கிழமை மாலை முதல் சனிக்கிழமை மாலை வரை ஓய்வுநாள் என்பதால் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி பொதுவாக இருக்காது. தலையை மூட வேண்டும், தோள், முழங்கால் தெரியாத உடை நல்லது. மும்பையிலும் டெல்லியிலும் பாதுகாப்புக் கெடுபிடி அதிகம், அடையாள அட்டை எடுத்துப் போங்கள், முடிந்தால் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். கொல்கத்தாவில் கதவு பூட்டியிருந்தால் பக்கத்தில் விசாரியுங்கள், சாவி வைத்திருப்பவர் அங்கேதான் எங்காவது இருப்பார்.